ஒரு நிமிஷம் ஓடட்டும்

கழுவாமல் விட்டவள் என்று பேரெடுத்த பிறகு துணியக்காவுக்குக் கிடைத்தது கழுவுகிற வேலை. விதிக்குக் கிண்டல் செய்ய நேரம் காலம் கிடையாது. காபி மெஷின்களைப் பழுது பார்க்கும் பட்டறை அது. கடைகளிலிருந்தும் ஆபீஸ்களிலிருந்தும் வந்து சேரும் எஸ்பிரஸோ மெஷின்களைக் கழற்றி, குழாயும் திருகும் வால்வுமாகப் பிரித்து, நீலத் தொட்டியில் மருந்துத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். ஊறியதை எடுத்துத் தேய்த்து, அலசி, மேஜையில் பரப்பி வைக்க வேண்டும். நாற்பத்தொரு வயதில் புது இடத்துக்கு வேலைக்குப் போகிறவளுக்கு வயிற்றில் கொஞ்சமாவது புளியைக் கரைக்கும். அவளுக்கு ஒன்றும் கரைக்கவில்லை. கையுறையை மாட்டினாள், தொட்டிக்குள் கையை விட்டாள், தேய்த்தாள்.

துணியக்கா என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல, கடையில் விழுந்த பெயர். கோர்ட்டுக்கு எதிரே அவளுடைய நாத்தனார், அதாவது கணவனின் அக்கா, ஒரு காபிக் கடை வைத்திருந்தார். உள்ளே நாலு மேஜை, வெளியே ஒரு நீள பெஞ்சு. காலையில் வக்கீல்கள், மத்தியானம் டைப்பிஸ்டுகள், சாயங்காலம் கேஸ் தள்ளிப்போன சோகத்தில் வருகிறவர்கள். அவர்கள் எல்லோருக்கும் நாத்தனார் பெரியக்கா. தோளில் எந்நேரமும் துடைக்கிற துணியோடு நிற்கும் தம்பி பெண்டாட்டி, துணியக்கா. ஒரு மேஜையிலிருந்து ஆள் எழுந்து நாற்காலியைத் தள்ளுவதற்குள் அவள் துடைத்து முடித்திருப்பாள். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே அதன் அடியைத் துடைத்துவிடுவாள் என்று ஒரு வக்கீல் கேலி செய்வார்.

பெரியக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடையைத்தான் கட்டிக்கொண்டார் என்று தம்பி சொல்வான், அக்கா காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு. அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வேனில் இருபது பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்காரவைப்பான். அக்கா முன்னால் மட்டும் வாயில் பூட்டு. பெரியக்காவுக்கு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. காபி ஆறிவிட்டது என்று யாராவது திருப்பிக் கொடுத்தால், “பேசிக்கிட்டே இருந்தா ஆறாம என்ன பண்ணும்?” என்று கேட்டுவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுப்பார்.

முதல் பன்னிரண்டு வருடம் கடையில் இருந்தது கையால் நெம்புகோலை இழுக்கிற பழைய மெஷின். அதை இழுத்து இழுத்துப் பெரியக்காவின் வலது தோள் இடது தோளை விடப் பெருத்துவிட்டது. கடை மூடும்போது அதில் ஒரு நிமிஷம் வெந்நீரை ஓடவிட்டுக் கழுவுவார். பிறகு பம்பு வைத்த புது மெஷின் வந்தது. துணியக்கா வேலை பார்த்த சட்டை கம்பெனியை இழுத்து மூடியதும் அதே மாதம்தான். மெஷினும் அவளும் ஒன்றாகக் கடைக்குள் வந்தார்கள் என்று சொல்லலாம். மெஷினை இறக்கிய ஆளுக்கு இன்னும் நாலு இடம் போக வேண்டியிருந்தது. ஒரு டப்பா பவுடரையும் ஓட்டையே இல்லாத ஒரு வட்டத் தட்டையும் நீட்டி, “சாயங்காலம் இதைப் போட்டு ஓட்டிடுங்க” என்றான், வண்டியில் ஏறினான். எப்படி ஓட்டுவது, எத்தனை தடவை ஓட்டுவது, ஒன்றும் கிடையாது. பத்து நிமிஷம் நின்று காட்டியிருந்தால் அவன் தலை ஒன்றும் போயிருக்காது.

அவன் சொல்லாமல் விட்டதைப் பெரியக்கா தானே நிரப்பிக்கொண்டார். முதல் நாள் சாயங்காலம் துணியக்காவைப் பக்கத்தில் நிறுத்தினார். காபித்தூள் போடுகிற கைப்பிடியில் அந்தத் தட்டை வைத்து, ஒரு ஸ்பூன் பவுடர் போட்டு, மெஷினில் மாட்டி, சுவிட்சைப் போட்டார்.

“ஒரு நிமிஷம் ஓடட்டும். நடுவுல கை வைக்காதே. அப்புறம் பவுடர் இல்லாம இன்னொரு நிமிஷம். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது அண்ணி.”

“தெருமுனைக் கடையில பாத்தேன். போடுறான், நிறுத்துறான், போடுறான், நிறுத்துறான். பொறுமையே கிடையாது. கழுவுறதுன்னா நின்னு கழுவணும்.”

துணியக்கா நின்று கழுவினாள். ஆறு வருடம், கடை திறந்திருந்த ஒவ்வொரு நாளும், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம், பிறகு இன்னொரு நிமிஷம். காய்ச்சலோடு கழுவியிருக்கிறாள். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பும் வழியில் இறங்கிக் கழுவிவிட்டுப் போயிருக்கிறாள். அந்த வேலையைப் பெரியக்கா அவளிடம் விட்டதே அவளுக்கு ஒரு பெருமை. அதை வெளியில் சொல்லிக்கொண்டதில்லை.

பிறகு அந்தத் திங்கட்கிழமை வந்தது. நீண்ட விடுமுறைக்குப் பின் கோர்ட் திறந்த நாள். வரிசை கதவைத் தாண்டி பெஞ்சு வரைக்கும் நின்றது. புதுக் காபிக் கொட்டை. அரைத்தது நைசாகப் போய்விட்டது. பெரியக்கா சுவிட்சைப் போட்டார், சொட்டுக்கூட இறங்கவில்லை. “என்ன சனியன் இது” என்று சுவிட்சை அணைத்துவிட்டுக் கைப்பிடியைத் திருகி இழுத்தார். துப்பாக்கி வெடித்தது என்றுதான் வரிசையில் நின்றவர்கள் நினைத்தார்கள். கைப்பிடி தரையில் கிடந்தது. கொதிக்கிற காபித்தூள் கூரையில் ஒட்டியிருந்தது, சுவரில் ஒட்டியிருந்தது, பெரியக்காவின் முகத்தில் ஒட்டியிருந்தது. அவர் கத்தவில்லை. இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, யாருக்கோ எதற்கோ காத்திருப்பவர் மாதிரி நின்றார். இரண்டடி தள்ளிக் கோப்பை துடைத்துக்கொண்டிருந்த துணியக்காதான் அவரை இழுத்துக் குழாயடியில் குனியவைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வரும்வரை பிடித்த கையை விடவில்லை. முகத்துத் தோல் பிழைத்ததற்கு அதுதான் காரணம் என்றார் டாக்டர். இடது கண் பிழைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மெஷின் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். துணியக்காவும் கணவனும் இரண்டு வக்கீல்களும் நிற்க, மெஷினைத் திறந்து, கட்டைவிரல் அளவு ஒரு வால்வைக் கழற்றி, விரித்த செய்தித்தாளில் தட்டினார். கருகிய தார் மாதிரி ஒரு கட்டி விழுந்தது.

“இதைக் கழுவியே பல வருஷம் ஆச்சு. அழுத்தம் வெளியேற வழியில்ல. அதான் வெடிச்சிருக்கு.”

“தினமும் கழுவினேனே” என்றாள் துணியக்கா.

அவர் செய்தித்தாளை அவள் பக்கம் தள்ளிவைத்தார். கணவன் தரையைப் பார்த்தான். சாட்சி, குறுக்கு விசாரணை என்றே பிழைக்கிற வக்கீல்கள் இரண்டு பேரும் அங்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். மறுநாளைக்குள் கோர்ட் வாசல் முழுக்கத் தீர்ப்பு பரவிவிட்டது: துணியக்கா மெஷினைக் கழுவாமல் விட்டாள், பெரியக்காவின் கண் போனது.

ஆஸ்பத்திரியில் பெரியக்கா ஒரே ஒரு தடவை கேட்டார். “கழுவினியா?”

“கழுவினேன் அண்ணி.”

பெரியக்கா கட்டுப்போட்ட முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவளிடம் அவர் பேசியதெல்லாம் மருந்து, தண்ணீர், விளக்கை அணை, அவ்வளவுதான்.

கண்ணுக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை சொட்டு மருந்து விட வேண்டும். விட்டது துணியக்காதான், வேறு யார் இருக்கிறார்கள்? இமையை விரலால் பிரித்துப் பிடித்து, ஒன்று, இரண்டு. பால் படிந்த மாதிரி இருந்த அந்தக் கண்ணை அவ்வளவு கிட்டத்தில் நாலு வேளையும் பார்த்தாள். முதல் வாரம் கை நடுங்கும் என்று எதிர்பார்த்தாள். நடுங்கவில்லை. எதுவுமே இல்லை. சமைத்தாள், உப்பு கூடினதும் குறைந்ததும் தெரியாமல் சாப்பிட்டாள், தூங்கினாள். தெருவில் யாராவது நிறுத்தி விசாரித்தால் நின்று பதில் சொன்னாள். கல்நெஞ்சுக்காரி என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டதும் அவள் காதில் விழுந்தது. அதுவும் வேறு யாரையோ பற்றிய பேச்சு போலத்தான் இருந்தது.

உள்ளே ஒரே ஒரு கேள்வி மட்டும் உயிரோடு இருந்தது. நான் கழுவினேனா, இல்லையா? கழுவினேன் என்று சத்தியம் செய்வாள். ஆனால் எந்த நாளைக் குறித்துச் செய்வது? ஆறு வருட சாயங்காலங்களும் ஒரே சாயங்காலம் மாதிரிதான் ஞாபகத்தில் இருந்தன. அதே கடிகாரம், அதே பம்பு முக்குகிற சத்தம். நடுவில் ஒரு வாரம் விட்டிருந்தால்? ஒரு மாதம் விட்டுவிட்டு, கழுவியதாக நினைத்துக்கொண்டிருந்தால்? அந்தக் கறுப்புக் கட்டி பொய் சொல்லாது. அப்படியென்றால் பொய் சொல்வது அவள்தான். கொஞ்சம் கொஞ்சமாக அவளே அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள்.

கடை மூடிக் கிடந்தது. இரண்டு மாதம் போனதும் பட்டறையில் கழுவ ஆள் வேண்டும் என்று கணவன் வந்து சொன்னான். அவனுடைய வேன் போகிற வழி. சொல்லிவிட்டுத்தான் அது எந்த மாதிரிப் பட்டறை என்பது அவனுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். “போறேன்” என்றாள் அவள். அந்த மாதிரிப் பட்டறை என்பதனால்தான் போனாள்.

பட்டறையில் பழுது பார்க்கிறவர்களில் ஒருத்திக்குக் குண்டூசி என்று பெயர். சட்டைக் காலரில் எப்போதும் ஒரு குண்டூசி குத்தியிருக்கும், மெல்லிய துவாரங்களில் அடைத்ததைக் குத்தி எடுக்க. துணியக்காவை விடப் பதினாலு வயது சின்னவள். நடக்கும்போதே பேசுவாள், பேசும்போதே ஸ்பேனரைத் திருகுவாள். யாராவது ஒரு வேலையை இரண்டாம் முறை கேட்டால் எரிந்து விழுவாள். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

முதல் வாரம் துணியக்கா வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது வாரம் தொட்டியிலிருந்து கட்டைவிரல் அளவு வால்வு ஒன்று கையில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்க் குண்டூசியின் மேஜை மேல் வைத்தாள்.

“இது எதுக்கு?”

“என்னக்கா, கழுவ வந்தீங்களா, பரீட்சை எழுத வந்தீங்களா?”

“இது எதுக்குன்னு சொல்லும்மா.”

குண்டூசி அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பக்கத் தகடுகள் கழற்றிய ஒரு மெஷினுக்கு முன்னால் அவளை நிறுத்தி, ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். இதோ குழாய்த் தண்ணீர் வருகிறது. இது பம்பு, ஆள் ஏறி நின்றால்கூட வராத அழுத்தத்தை இது கொடுக்கும். இது பாய்லர், இதற்குள் சுருள் குழாயில் போகும்போது தண்ணீர் சூடாகிறது. அங்கிருந்து நேரே இங்கே, கைப்பிடியில் இறுக்கிய தூளுக்கு மேலே. சூட்டை விட அழுத்தம்தான் இங்கே முக்கியம். சும்மா வெந்நீர் ஊற்றினால் தூளைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். அழுத்தினால்தான் தூளுக்குள் புகுந்து சாரத்தைப் பிழிந்துகொண்டு வரும்.

“காபி இறங்கி முடிஞ்சதும் சுவிட்சை அணைக்கிறீங்க. உள்ள இருக்கிற அழுத்தம் எங்க போகும்?”

துணியக்காவுக்குத் தெரியவில்லை. ஆறு வருடம் அந்த மெஷினைக் கழுவியவளுக்குத் தெரியவில்லை. நம்மில் எத்தனை பேருக்கு வீட்டு மின்விசிறி ஏன் சுற்றுகிறது என்று தெரியும்?

“மூணு கதவு வெச்ச ரூம்னு நினைச்சுக்கங்க” என்றாள் குண்டூசி, வால்வைத் தூக்கிக் காட்டி. “ஒரு கதவு பம்பு பக்கம். ஒண்ணு தூள் பக்கம். மூணாவது வெளியே, கீழ இருக்கிற தட்டுக்கு. சுவிட்சைப் போட்டா பம்புக் கதவும் தூள் கதவும் திறக்கும். அணைச்சா பம்புக் கதவு மூடிக்கும், வெளிக் கதவு திறக்கும். மிச்ச அழுத்தம் புஸ்ஸுன்னு போயிடும். அப்புறம் கைப்பிடியைக் கழட்டலாம். வெளிக் கதவு அடைய அடைய அந்தப் புஸ் போய் மெதுவாத்தான் கசியும். முழுசா அடைச்சு, தூளும் நைசா இறுகிடுச்சுன்னா அழுத்தம் உள்ளேயே உக்காந்திருக்கும். கழட்டுறவன் மூஞ்சியிலதான் போகும்.”

புஸ். துணியக்கா அந்தச் சத்தத்தை ஞாபகத்தில் தேடினாள். மெஷின் புதிதில் இருந்தது. ஒவ்வொரு காபிக்குப் பிறகும் வரும், பூனை சீறுகிற மாதிரி. கடைசி வருடத்தில் அது இருந்ததா? இல்லை. எந்த நாளில் நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. கைப்பிடியைத் தட்டும்போது காபித்தூள் கெட்டியாக வட்டமாக விழாமல் சேறு மாதிரி விழ ஆரம்பித்ததைக் கவனித்தார்கள். அதற்குப் பெரியக்கா தூள் விற்கிறவனைத் திட்டினார்.

அதன் பிறகு அவள் எல்லாவற்றையும் கேட்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கையில் சாப்பாட்டு டப்பாவோடு போய் நிற்பாள். பாய்லர் ஏன் சுண்ணாம்பு பிடிக்கிறது, அழுத்தம் காட்டும் முள் சரியான இடத்தில் நின்றாலும் உள்ளே காற்று அடைத்திருந்தால் சூடு ஏன் வராது, ரப்பர் வளையம் எப்போது கெட்டுப்போகும். குண்டூசி முதலில் சலித்துக்கொண்டாள், பிறகு தானே கூப்பிட்டுக் காட்ட ஆரம்பித்தாள். ஆசையால் கற்றுக்கொண்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆசை, சந்தோஷம் எல்லாம் அவளிடம் அப்போது இருப்பில் இல்லை. தன் மேல் போட்ட கேஸை அவளே விசாரித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

பட்டறையில் நாலாவது மாதம். பழுது பார்த்து முடித்த ஒரு மெஷினை அனுப்புவதற்கு முன் கழுவச் சொன்னாள் குண்டூசி. துணியக்கா ஓட்டையில்லாத தட்டை வைத்து, பவுடரைப் போட்டு, மாட்டி, சுவிட்சைப் போட்டாள். கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். பம்பு முக்கியது.

“அக்கா, தூங்கிட்டீங்களா?” குண்டூசி தலையை நீட்டினாள்.

“கழுவுறேன்.”

“எங்க கழுவுறீங்க? நிக்கிறீங்க.”

“ஒரு நிமிஷம் ஓடணும்ல?”

குண்டூசி வந்து சுவிட்சை அணைத்தாள். புஸ் என்று கீழ்த் தட்டில் பழுப்பு நுரை சீறி விழுந்தது.

“இப்பதான் கழுவிச்சு. ஓட்டையில்லாத தட்டைப் போட்டா தண்ணி எங்க போகும்? எங்கயும் போகாது, முட்டிக்கிட்டு நிக்கும். அணைக்கும்போதுதான் வெளிக் கதவு திறந்து, பவுடர் தண்ணி வால்வு வழியா வெளிய ஓடும். அந்த ஒரு நொடிதான் கழுவுறது. அதனாலதான் பத்து செகண்ட் போடு, அணை, பத்து செகண்ட் போடு, அணைன்னு பத்து தடவை. நீங்க ஒரு மணி நேரம் ஓடவிட்டாலும் ஒரு தடவை கழுவின கணக்குதான். அதை வெச்சுக்கிட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகுமா? வருஷக் கணக்குல படிஞ்சு அடைச்சுக்கும். யாரு உங்களுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது?”

துணியக்கா மெஷின் பக்கம் திரும்பினாள். சுவிட்சைப் போட்டாள், அணைத்தாள். போட்டாள், அணைத்தாள். பத்து தடவை. ஒவ்வொரு தடவையும் நுரை கொஞ்சம் வெளுத்தது.

ஆக, கழுவினாள். ஒரு நாளும் விடவில்லை. அந்தக் கறுப்புக் கட்டியும் பொய் சொல்லவில்லை, அவளும் பொய் சொல்லவில்லை. கேஸ் முடிந்துவிட்டது. மனசு லேசாக வேண்டுமே? ஆகவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, சாப்பிட்டு, கழுவி, மூடினாள். விடுதலை என்று தீர்ப்பு வந்த பிறகும் கூண்டிலேயே நிற்கிறவளாக இருந்தாள். ஏனென்றால் சொல்லிக்கொடுத்தது யார் என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. அந்தப் பதிலுக்கு ஏற்கெனவே ஒரு கண் போயிருந்தது.

திரும்பி வரும்போது வேனில் கணவனிடம் சொன்னாள். அவன் சிக்னலில் நின்று முழுக்கக் கேட்டான்.

“இப்பச் சொல்லி என்ன ஆகப்போகுது? கண்ணு திரும்பி வருமா? அக்கா உடைஞ்சு போயிடும். விட்டுடு.”

அவள் விட்டுவிட்டாள். ஐந்து வாரம் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு, காலையும் இரவும் என்று குறைந்திருந்த சொட்டு மருந்தை விட்டாள். ஒன்று, இரண்டு. பெரியக்கா முகத்தை நிமிர்த்திக் காட்டுவார், முடிந்ததும் எழுந்து போவார்.

வெடித்து ஏழு மாதம் ஆனபோது பெரியக்கா கடையைத் திறக்கப்போவதாகச் சொன்னார். கேட்கவில்லை, சொன்னார். மெஷினுக்குப் புது வால்வு போட்டாயிற்று. கூரையைச் சுரண்டி வெள்ளையடித்தார்கள். திறப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் மூன்று பேரும் கடையில் இருந்தார்கள். தம்பி வாசலில் நாற்காலி மேல் ஏறிப் பெயர்ப்பலகையை நிமிர்த்திக்கொண்டிருந்தான். பெரியக்கா சோதனைக்குப் பத்துப் பன்னிரண்டு காபி போட்டுப் பார்த்தார். இடது பக்கம் இருப்பதைப் பார்க்க முழுத் தலையையும் திருப்ப வேண்டியிருந்தது. இரண்டு கோப்பையைத் தட்டிவிட்டார். கை மட்டும் பழையபடியே ஓடியது.

முடித்ததும் ஓட்டையில்லாத தட்டை எடுத்தார். துணியக்கா கை நீட்டினாள்.

“வேணாம்” என்றார் பெரியக்கா. “இனிமே இதைக் கழுவுறது நான். யாரையும் நம்பி விடுறதா இல்ல.”

பவுடரைப் போட்டார், மாட்டினார், சுவிட்சைப் போட்டார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஓடவிடப் போகிறார். நாளைக்கும் ஓடவிடுவார், நாளை மறுநாளும். புது வால்வு கொஞ்ச வருடம் தாங்கும். பிறகு ஒரு நாள் வரிசை கதவைத் தாண்டி நிற்கும்போது, மிச்சம் இருக்கிற கண்ணோடு அவர் கைப்பிடியைத் திருகுவார்.

முதல் இருபது நொடி துணியக்கா வாயைத் திறக்கவில்லை. அது உண்மை. அதை மறைத்து அவளை நல்லவளாக்க எனக்கு இஷ்டமில்லை. ஓடட்டும் என்றுதான் நின்றாள். அந்த இருபது நொடியில் ஒரு கெட்ட நிம்மதிகூட இருந்தது. ஏழு மாதத்தில் அவளுக்குள் தலைகாட்டிய முதல் உணர்ச்சி அதுதான். அது என்ன என்று தெரிந்ததும் அவளுக்கே பயமாகிவிட்டது.

“அண்ணி, நிறுத்துங்க.”

“இன்னும் நிமிஷம் ஆகல.”

துணியக்கா அவரைத் தாண்டிக் கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தாள். புஸ். பெரியக்கா சட்டென்று முகத்தை மூடிக்கொண்டு பின்வாங்கினார்.

“பயப்படாதீங்க. இதுதான் கழுவுற சத்தம். ஓடும்போது கழுவாது அண்ணி. நிறுத்தும்போது மட்டும்தான் கழுவும்.”

கீழே இருந்த தட்டை உருவி எடுத்து, அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த சின்னக் குழாயைக் காட்டினாள். சுவிட்சைப் போட்டு அணைத்தாள்; குழாயிலிருந்து பழுப்பு நுரை வந்தது. பெரியக்கா மெதுவாகக் கிட்ட வந்தார். தலையைச் சாய்த்து, வலது கண் குழாய்க்கு நேராக வரும்படி குனிந்தார். போட்டாள், அணைத்தாள். ஆறாவது தடவை பெரியக்கா அவள் கையை விலக்கிவிட்டுத் தானே போட்டார், தானே அணைத்தார். பத்தாவது தடவை வந்தது வெறும் தண்ணீர்.

“ஒரு நிமிஷம் ஓடவிட்டா இது எத்தனை தடவை வரும்?”

“ஒரு தடவை.”

பெரியக்கா முகத்தில் ஈயாடவில்லை. சுவிட்சின் மேல் வைத்த விரலை எடுக்காமல் நின்றார்.

“நான் சொன்னதுதானே இது. உனக்கு.”

பரவாயில்லை அண்ணி, யாருக்குத் தெரியும், அந்த ஆள் சொல்லாமல் போனது தப்பு: இப்படி எத்தனையோ சொல்லியிருக்கலாம். துணியக்காவின் வாயில் அவை எதுவும் வரவில்லை.

“ஆமா.”

“எப்பத் தெரியும் உனக்கு?”

“அஞ்சு வாரமா.”

“அஞ்சு வாரமா எனக்கு மருந்து ஊத்திக்கிட்டு, ஏன் சொல்லல?”

“உங்களுக்குக் கோபப்பட நான் ஒருத்தி இருந்தேன். நானும் இல்லன்னா யார் மேல படுவீங்க?”

பெரியக்கா பக்கத்து நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். 

“அப்ப, தினமும் கழுவியிருக்கே.”

“தினமும் கழுவினேன்.”

ஏழு மாதமாக அவள் காத்திருந்த வாக்கியம் அது. காதில் விழுந்தது. விழுந்து, உள்ளே எங்கும் போய்ச் சேராமல் நின்றது.

தம்பி கையைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தான். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அக்காவே சொன்னார், சுற்றி வளைக்காமல்: “இவ கழுவாம விடல. நான்தான் தப்பாச் சொல்லிக்கொடுத்திருக்கேன்.”

அவன் முகம் மலர்ந்தது. பெண்டாட்டியைப் பெருமையாகப் பார்த்தான். “நான் அப்பவே நினைச்சேன்க்கா. இவ கழுவாம விடுற ஆளே இல்லன்னு.”

துணியக்கா திரும்பினாள். “எப்ப நினைச்சீங்க?”

“அன்னைக்கே. அந்த ஆளு பேப்பர்ல தட்டிக் காட்டினான் பாரு, அப்பவே.”

“அன்னைக்கு என் பக்கத்துலதான் நின்னீங்க.”

“ஆமா.”

“அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லல.”

“அக்கா ஆஸ்பத்திரியில கிடக்கிற நேரத்துல எப்படி...”

“ஆஸ்பத்திரியிலிருந்து வந்தப்புறம்? நானே என்னைச் சந்தேகப்பட்டேன். விட்டிருப்பேனோ, மறந்திருப்பேனோன்னு ராவும் பகலும் தேடினேன். ஏழு மாசம் ஒரே வீட்டுல, ஒரே பாயில, நினைச்சுக்கிட்டே படுத்திருந்தீங்களா?”

அவள் குரல் வெளியே பெஞ்சு வரைக்கும் கேட்டது. கை நடுங்கியது. மரத்துப் போயிருந்த உடம்பில் உணர்ச்சி திரும்பும்போது சுகமாக இருக்கும் என்று யார் சொன்னார்கள்? வலித்தது. இத்தனை நாள் இந்தக் கோபம் எங்கே இருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் அக்காவைப் பார்த்தான். எப்போதும் அங்கிருந்துதான் அவனுக்கு உதவி வரும்.

“வெளிய போடா” என்றார் பெரியக்கா. “வேன்ல போய் உக்காரு.”

அவன் போனான். போகும்போது வாசலில் கிடந்த நாற்காலியில் இடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

“உங்க மேலயும் கோபமாத்தான் இருக்கு அண்ணி” என்றாள் துணியக்கா.

“இருக்கட்டும்” என்றார் பெரியக்கா. “உக்காரு.”